மீட்பு என்பது யாது? – சியோல் நகர் ஓடையொன்று எழுப்பும் ஒழுக்கவியல் வினா

அடகு வைத்த நகையை மீட்டதாக ஒருவர் கூறும்பொழுது மூன்று செய்திகள் ஒருங்கே உணர்த்தப்படுகின்றன. வைத்த நகையே திரும்பி வந்துள்ளது. வைத்தவர் கைக்கே வந்துள்ளது. பெற்ற கடன் வட்டியுடன் அடைக்கப்பட்ட பின்னரே வந்துள்ளது. இவற்றுள் ஒன்று குறையினும் அச்செயலுக்கு வேறு பெயர் இட வேண்டியதாகும். வேறொரு நகையைத் தருதல் ஈடு செய்தல் எனப்படும். பிறரொருவர் கையிற் சேர்த்தல் கொடையெனலாம். கடனை அடையாது எடுத்துக்கொள்ளுதலை என்னவென்று கூறுவது என்பதை அடகுக் கடைக்காரர் நன்கறிவர். அன்றாட வழக்கில் இத்துணைத் தெளிவுடன் ஆளப்படும் இச்சொல், ஆறுகள், காடுகள், ஈரநிலங்கள் ஆகியவற்றின் ‘மீட்பு’ பற்றி நகரத் திட்டமிடுவோர் பேசத் தொடங்கியதும் திடீரெனத் தெளிவை இழந்துவிடுகின்றது. மீண்டது எது, யாருக்கு மீண்டது, எக்கடன் தீர்க்கப்பட்டது என்ற வினாக்கள் அங்குப் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

கொரியாவின் தலைநகராகிய சியோலின் நடுவே ஓடும் சொங்கேசொன் என்னும் ஓடை இவ்வினாக்களை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமானது. 1958 முதல் கொங்கிறீற்றால் மூடப்பட்டு, அதன்மேல் வீதியும், வீதிக்கு மேல் தூண்கள் தாங்கிய நெடுஞ்சாலையும் அமைக்கப்பட்டிருந்த அவ்வோடை, 2003ஆம் ஆண்டு ஜூலை முதலாம் நாள் தொடங்கிய பணிகளின் விளைவாக 2005ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாம் நாள் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது. ஏறத்தாழ 5.8 கிலோமீற்றர் நீளத்திற்கு ஓடையும், அதன் இரு கரைகளிலும் நடைபாதைகளும் புல்வெளிகளும் நாணற் புதர்களும் கொண்ட நீண்ட பூங்காவும் உருவாகின. உலகின் பல நகரங்களிலிருந்தும் நகராட்சியினர் சென்று பார்த்து வியந்த முன்மாதிரி அது. அவ்வியப்பு பொருத்தமற்றது என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின், வியப்பு விசாரணைக்கு ஈடாகாது.

ஓடை என்றதும் மெய்யியல் மாணவர்க்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஹெராக்கிளிற்றசு ஆவார். ஒரே ஆற்றில் இருமுறை இறங்க இயலாது என்ற அவரது கருத்து வகுப்பறைகளிற் பலமுறை எடுத்தாளப்பட்டுத் தேய்ந்துபோன ஒன்று. சொங்கேசொன் விடயத்தில் அது அதிகம் உதவுவதாயில்லை. நீர் மாறிக்கொண்டே இருப்பது எல்லா ஓடைகளுக்கும் பொது. இவ்வோடையிலோ கரை, படுகை, நீரின் ஊற்று, கரையில் வாழ்ந்த மாந்தர், பெயர் ஆகிய அனைத்துமே வரலாற்றின் வெவ்வேறு கட்டங்களில் மனிதக் கரங்களால் மாற்றப்பட்டன. ஆகவே அதன் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குதல் இன்றியமையாததாகின்றது.

யி சொங்-கே என்பவன் நிறுவிய ஜோசொன் அரசு 1394இல் தன் தலைநகரை இன்றைய சியோல் அமைந்துள்ள இடத்திற்கு மாற்றிற்று. வடக்கே புகக், மேற்கே இன்வாங், தெற்கே நம்சான், கிழக்கே நக்சான் என நான்கு மலைகள் சூழ்ந்த வட்டில் போன்ற நிலம் அது. மலைச்சரிவுகளில் வீழும் மழைநீர் முழுவதும் வட்டிலின் அடியில் ஒன்றுகூடி மேற்கிலிருந்து கிழக்காக ஓடிற்று. பெருநதியாகிய ஹான் கிழக்கிலிருந்து மேற்காகச் செல்ல, நகருள் ஓடும் சிற்றோடை அதற்கு எதிர்த்திசையிற் பாய்ந்தமை நிலநிமித்தம் வல்லோர்க்கு நற்குறியாகத் தோன்றிற்று. குடிமக்கள் கண்டதோ வேறு. வேனிலில் மணல் தெரிய வறண்டு கிடப்பதும், மாரியில் வீடுகளையும் பாலங்களையும் அடித்துச் செல்வதுமான ஓர் அடங்கா நீர்வழி அது.

மூன்றாம் மன்னனாகிய தேஜொங் 1411இல் இதற்கெனத் தனி அலுவலகம் ஒன்றை அமைத்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தென்மாகாணங்களிலிருந்து 52,800 பேரைத் திரட்டி ஓடையை அகழ்ந்து அகலப்படுத்தினான். கடுங்குளிர் மாதமொன்றில் நிகழ்ந்த அப்பணியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் ஓடைக்கு வழங்கிய பெயர் ‘கேசொன்’ என்பதாகும். அகழ்ந்து திறக்கப்பட்ட ஓடை என்பது அதன் பொருள். காலப்போக்கில் அப்பெயர் கொரிய மொழியில் சாக்கடை, வாய்க்கால் என்னும் பொதுப்பெயராகவே மாறிவிட்டது. எளிய குடியிற் பிறந்து உயர்ந்தோரைச் சுட்டி, சாக்கடையிலிருந்து பறவை நாகம் எழுந்ததாகக் கொரியர் கூறும் பழமொழியில் இடம்பெறுவதும் இச்சொல்லே. ஆக, இயற்கை தந்த ஓடை என்ற ஒன்று ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே முடிந்துபோயிற்று. அதன்பின் ஓடியது உழைப்பால் ஆன ஓடை.

இவ்விடத்தில் அவுஸ்திரேலிய மெய்யியலாளர் றொபேட் எலியற் 1982இல் முன்வைத்த வாதம் ஒன்றைக் கருத்திற் கொள்ளலாம். அழிக்கப்பட்ட இயற்கை நிலத்தை எத்துணைத் திறம்படத் திருப்பி அமைப்பினும், அது மூல ஓவியத்தின் போலியைப் போன்றதே. ஓவியத்தின் பெறுமதியில் அதன் தோற்ற வரலாறும் ஒரு கூறாதலின், பார்வைக்கு வேறுபாடு தெரியாத போலியும் மூலத்திற்கு நிகராகாது என்பது அதன் சாரம். சுரங்கக் கம்பனிகள் நிலத்தைத் தோண்டிப் பாழாக்கிவிட்டுப் ‘பின்னர் மீட்டுத் தருவோம்’ என வாக்களித்த சூழலில் அவ்வாதம் கூர்மையான ஆயுதமாய் அமைந்தது. சொங்கேசொன்னைப் பொறுத்தவரை அது பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றது. எந்த மூலத்தின் போலி இது? 1394இற்கு முந்திய காட்டோடையின் போலியா, 1412இல் அகழப்பட்ட வாய்க்காலின் போலியா? எனினும், எலியற்றின் அடிப்படை எண்ணத்தைக் கைவிடவேண்டியதில்லை. ஒரு பொருளின் பெறுமதியில் அதன் வரலாறு அடங்கியுள்ளது என்பது உண்மையாயின், இவ்வோடையின் பெறுமதி அதில் இறங்கி உழைத்தோரின் வரலாற்றில் அடங்கியுள்ளது என்ற முடிவுக்கு வருதல் வேண்டும்.

அவ்வரலாற்றின் முதற் பாலத்திலேயே பழிவாங்கலின் தடம் உண்டு. தேஜொங் அரியணை ஏறுமுன் தன் மாற்றாந்தாயாகிய சின்டொக் அரசியின் மகனை, அவன் பட்டத்து இளவரசனாக்கப்பட்டான் என்ற பகையால், 1398இற் கொன்றவன். அரசியின் கல்லறையை நகருக்கு வெளியே அகற்றுவித்தபின், 1410இல் வெள்ளத்தால் அழிந்த குவாங்தொங் பாலத்தைக் கல்லாற் கட்ட நேர்ந்தபொழுது, அக்கல்லறையின் சிற்பக் கற்களே கொணரப்பட்டன. அவற்றுட் சில தலைகீழாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஊரார் அனைவரும் மிதித்துச் செல்லும் பாலத்திற்கு ஓர் அரசியின் கல்லறைக் கற்கள்! பாலம் பொதுநன்மைக்குரியது, கற்கள் தனிப் பகைமையின் விளைவு. பொதுநலப் பணி என்ற பெயரில் எவருடைய கற்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்ற வினா இவ்வோடைக்குப் புதியதன்று.

தேஜொங்கின் மகன் சேஜொங் காலத்தில் நிகழ்ந்த விவாதம் ஒன்று இன்னும் ஆழமாக நோக்கத்தக்கது. 1441இல் ஓடையின் நீர்மட்டத்தை அளப்பதற்கு அளவுகோல் நாட்டுவித்த மன்னன் அவன். 1444இல், தலைநகரின் மங்கல நீராகிய இவ்வோடையிற் குப்பையும் கழிவும் கொட்டுதல் நிலநிமித்த நூலுக்கு மாறானது, ஆகவே அது தூய்மையாகப் பேணப்படல் வேண்டும் என விண்ணப்பம் ஒன்று வந்தது. ஒ ஹியோ-சொம் என்னும் அறிஞர் இதனை மறுத்தார். நிமித்த நூல்கள் கல்லறைகளுக்காக எழுந்தவை. தலைநகரிலோ மக்கள் திரளாக வாழ்கின்றனர். மக்கள் திரண்ட இடத்திற் கழிவும் திரளும். அதனை ஏந்திச் செல்லும் நீரோட்டம் ஒன்று இருந்தாலன்றி நகர் தூய்மையாதல் இயலாது என்பது அவர் தருக்கம். மன்னன் அவர் பக்கமே சாய்ந்தான்.

தூய்மை வேண்டியவர் மூடநம்பிக்கையின் பக்கமும், அழுக்கை அனுமதித்தவர் பகுத்தறிவின் பக்கமும் நின்றமை இன்றைய சூழலியல் ஆர்வலர்க்கு உவப்பாக இராது. ஆயினும் ஒ ஹியோ-சொம்மின் வாதத்தில் ஒழுக்கவியல் சார்ந்த நேர்மை உண்டு. நகரத்தின் கழிவு என்பது எங்கேனும் சென்றாக வேண்டும்; அதனைக் காண விரும்பாதவர்கள் அதனை இல்லாமற் செய்துவிடுவதில்லை, வேறோரிடத்திற்கு நகர்த்துகின்றனர் என்பதே. அடுத்துவந்த ஐந்நூறு ஆண்டுகளில் நகர்த்தப்பட்டவை கழிவுகள் மட்டுமல்ல.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நகரின் மக்கள்தொகை பெருகிற்று. நிலத்தளத்தைச் சூடேற்றும் கொரிய வீடுகளுக்கு விறகு வேண்டியிருந்தமையால் மலைச்சரிவுகள் மொட்டையாயின. மண் அரித்து வந்து ஓடையைத் தூர்த்தது. யொங்ஜோ மன்னன் பாலத்தருகே வாழ்ந்த மக்களிடம் நேரிற் கேட்டறிந்து, பல ஆண்டுகள் தயங்கிய பின், 1760இல் ஓடையைத் தூர்வாரும் பணியைத் தொடங்கினான். ஐம்பத்தேழு நாட்களில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் உழைத்தனர். அவருள் ஐம்பதினாயிரம் பேர் கூலி கொடுத்து அமர்த்தப்பட்டவர்கள். ஊரை இழந்து நகருக்கு வந்த வறியோர்க்கு அது பஞ்ச நிவாரணமாகவும் அமைந்தது. தேஜொங் காலத்துக் கட்டாய ஊழியத்தோடு ஒப்பிடுகையில் இஃது ஒழுக்க நிலையிற் பெரியதொரு முன்னேற்றம் எனலாம். பணி முடிவில் பாலத் தூண்களில் ‘இவ்வாண்டின் நிலமட்டம்’ என்று பொருள்படும் நான்கு எழுத்துக்கள் வெட்டப்பட்டன. மண் இவ்வெழுத்துக்களை மறைக்குமாயின் மீண்டும் தூர்வார வேண்டும் என வருங்காலத்தவர்க்கு விட்டுச்சென்ற கட்டளை அது. பிறக்காத தலைமுறைக்கும் ஓடை உரியது என்ற எண்ணம் இதைவிடச் சுருக்கமாகக் கல்லில் எழுதப்பட்டிருத்தல் அரிது.

அள்ளிய சேறு கிழக்கே நீர்வாயிலின் அருகே குன்றுகளாகக் குவிக்கப்பட்டது. நாற்றத்தை மறைக்கப் பூஞ்செடிகள் நடப்பட்டன. ‘நறுமணக் குன்று’ என்று பொருள்படும் பங்சான் என்ற ஊர்ப்பெயர் அதனால் வந்தது. அச்சேற்றுக் குன்றுகளிற் குழி தோண்டி வாழ்ந்தவர்கள் பிச்சைக்காரரும் பாம்பு பிடிப்போரும். ஓடை தூய்மையுற்றபொழுதெல்லாம் எஞ்சியதன்மீது வாழ நேர்ந்த ஒரு கூட்டம் இருந்து வந்துள்ளது.

யப்பானியர் 1910 முதல் 1945 வரை கொரியாவை ஆண்ட காலத்தில் ஓடைக்கு வடகரையிற் கொரியரும் தென்கரையில் யப்பானியரும் பெரும்பாலும் வாழ்ந்தனர். ‘சொங்கேசொன்’ என்ற பெயர் நிலைபெற்றதும் அக்காலத்திலேயே. தெளிந்த பள்ளத்தாக்கின் நீரோடை என்று பொருள்படும் அப்பெயர், கழிவுநீர் கறுத்து ஓடிய ஒரு வாய்க்காலுக்கு வழங்கிற்று. பக் தே-வொன் 1936–37இல் எழுதிய ‘ஓடைக்கரைக் காட்சிகள்’ என்ற பொருள்படும் தலைப்புடைய நாவலில், அங்கே துணி வெளுக்கும் பெண்களும் முடிதிருத்தகச் சிறுவனும் உணவுச்சாலைப் பணிப்பெண்களும் இடம்பெறுகின்றனர். கரையின் அழகு பற்றியதல்ல அந்நாவல். கரையின் மக்கள் பற்றியது.

1945இல் விடுதலையும், 1950–53இற் போரும் வந்தன. வடக்கிலிருந்தும் நாட்டுப்புறங்களிலிருந்தும் ஓடிவந்தோர் ஓடையின் இருகரையிலும், சில இடங்களில் நீருக்கு மேலேயே கழிகளை நட்டும், பலகை வீடுகளைக் கட்டிக்கொண்டனர். நோயும் தீயும் வெள்ளமும் அவர்களை மாறி மாறித் தாக்கின. அரசு கண்ட தீர்வு ஓடையை மூடுவது. 1958இல் தொடங்கிய மூடும் பணி 1970களின் பிற்பகுதி வரை கட்டங்கட்டமாகத் தொடர்ந்தது. 1967இல் மேலெழுந்த நெடுஞ்சாலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. பதினாறு மீற்றர் அகலமும் ஐந்தரைக் கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் கொண்ட அச்சாலை, கொரியாவின் தொழில் வளர்ச்சிக்கு எடுத்துக்காட்டாக அஞ்சல் அட்டைகளில் அச்சிடப்பட்டது. பலகை வீடுகளில் வாழ்ந்தோர் தலைநகருக்குத் தென்கிழக்கே குவாங்ஜு என்னும் குடியேற்றத்திற்கு லொறிகளில் ஏற்றிச் செல்லப்பட்டனர். வேலையும் குடிநீரும் வடிகாலும் இல்லாத நிலத்திற் கூடாரங்களில் விடப்பட்ட அவர்கள், நிலத்திற்கு விலையும் வரியும் உடனே செலுத்துமாறு கோரப்பட்டபொழுது 1971 ஓகஸ்ட் 10இற் கிளர்ந்தெழுந்தனர். அடகு வைக்கப்பட்டது அந்நாட்களிலேதான் எனலாம். நகரம் விரைவான வளர்ச்சியை வாங்கிக்கொண்டது. பிணையாக வைக்கப்பட்டவை ஓடையும் அதன் கரையிலிருந்தோரின் வாழ்வும்.

மூடப்பட்ட ஓடையின் கரையிலே ‘சமாதானச் சந்தை’ என்று பொருள்படும் பியொங்வா சந்தை எழுந்தது. வடக்கிலிருந்து வந்த அகதிகள் தையல் இயந்திரங்களுடன் தொடங்கிய இடமாதலாலும், நாடு ஒன்றுபடும் என்ற நம்பிக்கையாலும் அப்பெயர் இடப்பட்டதாகக் கூறுவர். நிமிர்ந்து நிற்கவியலாத தாழ்ந்த பரண்களில், காற்றும் வெயிலும் இன்றி, பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமியர் நாளொன்றுக்குப் பதினான்கு மணிநேரம் வரை உழைத்தனர். பஞ்சுத் தூசி நெஞ்சை அடைத்தது. ஜொன் தே-இல் என்ற இளைஞன் அங்குத் துணி வெட்டுபவனாக இருந்தான். 1953இல் இயற்றப்பட்ட தொழிலாளர் நியமச் சட்டம் என ஒன்று ஏட்டில் இருப்பதை அறிந்து, அதனை வாங்கிக் கற்கத் தொடங்கினான். சீன எழுத்துக்கள் விரவிய சட்டநூல் நடை அவனுக்குப் புரியவில்லை. பல்கலைக்கழக மாணவன் ஒருவன் தனக்கு நண்பனாக இருந்திருப்பின் இதனை விளக்கியிருப்பானே என அவன் ஏங்கினான். தோழருடன் கூடி ஆய்வு வினாக்கொத்துக்கள் தயாரித்தான், தொழிற் பரிசோதகர்க்கு முறையிட்டான், பயன் விளையவில்லை. 1970 நவம்பர் 13ஆம் நாள், சட்டநூலை எரிக்கும் ஆர்ப்பாட்டம் தடுக்கப்பட்டபொழுது, தன்மீது தீயிட்டுக்கொண்டு சந்தை வாயிலில் ஓடினான். அவனுக்கு வயது இருபத்திரண்டு.

அவன் இறந்த பின்னரே பல்கலைக்கழக மாணவர் வந்தனர் என்பதைக் கொரிய மாணவர் இயக்கம் என்றும் மறந்ததில்லை. சட்டம் பயின்ற சோ யொங்-ரே, தலைமறைவாக வாழ்ந்த காலத்தில் அவன் வரலாற்றை எழுதினார். அது 1983இல் ஆசிரியர் பெயரின்றி வெளியாயிற்று. காலந்தாழ்ந்து வந்த நண்பனின் பணியாக அதனைக் கொள்ளலாமாயின், எழுத்தும் ஒருவகை மீட்பே. ஆனால் ஈடு செய்ய இயலாததொன்று உண்டென்பதை அறிந்து செய்யப்பட்ட மீட்பு.

இப்பின்னணியிலேயே 2003இன் திட்டத்தை மதிப்பிடல் வேண்டும். நெடுஞ்சாலையின் கொங்கிறீற்று சிதைந்து ஆபத்தான நிலையை அடைந்திருந்தது. 2002இல் மேயர் தேர்தலில் லீ மியுங்-பக் ஓடையைத் திறப்பதை முதன்மை வாக்குறுதியாக முன்வைத்து வென்றார். நாளொன்றுக்கு ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் சென்ற வீதி அகற்றப்பட்டால் நகர் முடங்கிவிடும் என அஞ்சப்பட்டது. 2004இல் பேருந்துச் சேவை சீரமைக்கப்பட்டதுடன் அவ்வச்சம் பொய்த்தது. ஓடைக்கரையின் வெப்பம் அண்டைய வீதிகளைவிடச் சில பாகை குறைந்தது. மீனும் கொக்கும் வந்தன. கோடை இரவுகளில் கால்களை நீரில் நனைத்தபடி அமர்ந்திருக்கும் குடும்பங்களைக் கண்டவர் எவரும் இத்திட்டத்தைப் பயனற்றது என்று கூறமாட்டார். காசு கொடுத்துக் கோப்பி வாங்காமல் நகர நடுவில் உட்கார ஓர் இடம் கிடைப்பதே ஒரு சமூக நீதி.

ஆயின் வைத்த நகையே திரும்பியதா? ஓடையின் இன்றைய நீர் நாளொன்றுக்கு 120,000 தொன் அளவில் வருகின்றது. அதன் பெரும்பகுதி ஹான் நதியிலிருந்து குழாய் வழியே மேல்முகமாக இறைக்கப்படுவது. எஞ்சியது நிலக்கீழ் ரயில் நிலையங்களில் ஊறும் நீர். ஓடைக்கு நீரூட்டிய மலைச்சுனைகளின் கிளையோடைகள் இன்றும் பெரும்பாலும் வீதிகளின் கீழே மூடப்பட்டுள்ளன. ஆகவே ஓடை தொடங்குவது சதுக்கமொன்றின் செயற்கை அருவியில். அதனருகே 2006இல் சிப்பி வடிவிலான பெருஞ்சிற்பம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் தலைப்பு ‘ஊற்று’ என்றும் ‘வசந்தம்’ என்றும் பொருள் கொள்ளத்தக்கது. ஊற்று இல்லாத இடத்தில் ஊற்றுக்கு ஒரு சிலை.

இதனினும் கருத்திற் கொள்ளத்தக்கது கண்ணுக்குத் தெரியாத பகுதி. தெளிந்த நீர் ஓடும் படுகையின் இருமருங்கும், நடைபாதைக்கு அப்பால் நிலத்தின் கீழே, நகரின் கழிவுநீர் கொங்கிறீற்றுப் பெட்டி வடிகால்களில் ஓடுகின்றது. கடுமழை பெய்யும்பொழுது வடிகால்கள் நிரம்பி, சுவரிலுள்ள கதவுகள் திறந்து, மழையும் கழிவும் கலந்த நீர் ஓடைக்குட் பாய்கின்றது. மக்கள் அவசரமாக வெளியேற்றப்படுகின்றனர். மீன்கள் இறந்து மிதந்ததும் உண்டு. ஒ ஹியோ-சொம்மும் அவருடன் வாதிட்டவரும் இன்று திரும்பி வருவாராயின் இருவருமே வென்றதாகக் கருதக்கூடும். மேலே மங்கல நீர், பக்கத்தில் மறைவாகக் கழிவு நீர். 1444இல் ஒன்றையொன்று மறுத்த இரு ஓடைகளைப் பொறியியல் அருகருகே ஓடவிட்டு, ஒன்றுக்கு மட்டும் பெயர் சூட்டியுள்ளது.

கற்களின் கதியும் அத்தகையதே. குவாங்தொங் பாலம் போக்குவரத்தின் பொருட்டுப் பழைய இடத்திலிருந்து நூற்றைம்பது மீற்றரளவு மேற்றிசையில் நிறுவப்பட்டது. 1959இல் அகற்றப்பட்ட சுப்யோ பாலம் இன்னும் சங்சுங்தான் பூங்காவிலேயே உள்ளது. மீட்கப்பட்ட ஓடையின் நீளமும் அகலமும் அதற்குப் பொருந்திவரவில்லை. தேர்தற் காலத்தையொட்டிய அவசரத்தில் அகழ்வாய்வுக்குப் போதிய அவகாசம் அளிக்கப்படவில்லை எனப் பண்பாட்டுச் சொத்துக்கள் பற்றி அக்கறை கொண்டோர் குற்றஞ்சாட்டினர். ஓடையைத் திறக்க வேண்டும் என்று தொடக்கத்தில் ஊக்கங்கொண்டு நின்ற மூத்த நாவலாசிரியை பக் கியொங்-நி, 2004இற் பணியின் போக்கைக் கண்டு மனம்நொந்து எழுதினார். இரண்டேகால் ஆண்டில் அறுநூறு ஆண்டுகளை மீட்பது எளிதன்று.

இரண்டாவது வினா, யார் கைக்கு மீண்டது என்பது. பதிலைக் கரையில் வணிகஞ் செய்தோரிடமிருந்து பெறலாம். வீதியோரக் கடைகளில் பழைய கருவிகளும் உடைகளும் நூல்களும் விற்று வாழ்ந்தோர் 2003ஆம் ஆண்டின் இறுதியில் பொலிசாரின் துணையுடன் அகற்றப்பட்டனர். அவருள் நூற்றுக்கணக்கானோர் தொங்தேமுன் விளையாட்டரங்கிற்கு அனுப்பப்பட்டனர். சில ஆண்டுகளில் அவ்வரங்கும் இடிக்கப்படவே, 2008இற் சின்சொல்-தொங் பகுதிக்கு மீண்டும் பெயர்ந்தனர். கரையிலுள்ள நிலத்தின் விலை ஏறிற்று. ஏற்றத்தின் பயன் நிலவுடைமையாளரைச் சேர்ந்தது. திறப்பு விழாக் காலத்தில், சக்கர நாற்காலியில் செல்வோர்க்கு இறங்கவும் திரும்பவும் வசதியற்ற நடைபாதையைக் கண்டித்து மாற்றுவலுவுடையோர் போராட நேர்ந்தது. லீ மியுங்-பக் 2008இல் நாட்டின் சனாதிபதியானார். திட்டத்தின் பயனை எவரெவர் எவ்வளவு பெற்றனர் என்ற கணக்கு இவ்விவரங்களிலிருந்து ஓரளவு புலனாகும்.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். 1958இற் கரையிலிருந்தோர் இன்று எங்கே உளர்? இறந்தோர்க்கும் சிதறியோர்க்கும் எதனைத் திருப்பியளிப்பது? பொதுமக்கள் அனைவர்க்கும் திறந்த பூங்கா ஒன்றினை அமைத்தல், குறிப்பிட்ட சிலருக்கு இழப்பீடு வழங்குவதினும் மேலானதன்றோ? வலுவான மறுப்பே. பயன்வழிக் கொள்கையினர் இதனுடன் நின்றுவிடுவர். ஆனால் கடன் என்பது பயனின் கூட்டுத்தொகையால் அழிவதில்லை. ஒருவரிடம் வாங்கியதை ஊருக்கு அன்னதானமாக வழங்கியவர் புண்ணியவானாக இருக்கலாம், கடனாளியாகவும் இருக்கின்றார். மேலும் இங்குக் கடன்பட்டோரும் கடன் கொடுத்தோரும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2003இற் கடை இழந்தோர் நேற்றைய மனிதர். குவாங்ஜுவில் இறக்கிவிடப்பட்டோரின் மக்கள் அவ்விடத்தில் எழுந்த சொங்னாம் நகரில் வாழ்கின்றனர். கடன் கொடுத்தோர் கண்டுபிடிக்க முடியாதவர் ஆகிவிட்டனர் என்பது, பெரும்பாலும், அவரைத் தேடாதவர்களின் கூற்றாக இருப்பதைக் காணலாம்.

நினைவுச் சின்னங்கள் கடனைத் தீர்க்குமா? ஓடையின் கீழ்ப்பகுதியில் நெடுஞ்சாலையின் மூன்று தூண்கள் இடிக்கப்படாது நீருக்கு நடுவே விடப்பட்டன. இத்திட்டத்தின் மிக நேர்மையான பகுதி அதுவே என்று கூறத் தோன்றுகின்றது. மூடியவர்களும் திறந்தவர்களும் ஒரே நகரத்தவர் என்பதை அவை மறைக்கவில்லை. ஓடை அருங்காட்சியகத்தின் எதிரே, பிற்காலத்தில், பழைய பலகை வீடுகளின் மாதிரிகளும் அமைக்கப்பட்டன. அவற்றுட் பழைய மிட்டாய்களும் பள்ளிச் சீருடைகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. வீடுகள் இடிக்கப்பட்டு மக்கள் லொறிகளில் ஏற்றப்பட்ட இடத்தில், அவ்வீடுகளே இனிய நினைவுப் பொருட்களாயின. வறுமையின் வடிவத்தை மட்டும் மீட்டு, அதிலிருந்தவரை விட்டுவிடும் அழகியல் இது. இன்றைய அருங்காட்சியகங்கள் பலவற்றிற்கும் இக்குற்றம் பொருந்தும்.

வேறொரு வகைச் சின்னமும் அவ்வோடையில் உண்டு. சந்தைக்கு எதிரேயுள்ள பாலத்தில் 2005இல் ஜொன் தே-இல்லின் மார்பளவுச் சிலை நிறுவப்பட்டது. மாநகர அரசு தானே முன்வந்து அளித்த கொடையன்று அது; தொழிற்சங்கங்களும் பொதுமக்களும் நிதி திரட்டி, தத்தம் வாசகங்கள் பொறித்த செப்புத் தகடுகளைப் பாலத்தின் தரையிற் பதித்தனர். நான்காண்டு ஈராண்டு எனத் தவணை பேசி நடைபெறும் அரசியலுக்கு வெளியே, கடனைக் கடனென்று ஏற்றுக்கொண்டோரின் செயல் எனலாம். அவனுடைய தாயார் லீ சோ-சொன், மகனுக்கு அளித்த வாக்கின்படி தையற் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பி, பலமுறை சிறை சென்று, 2011இல் மறையும்வரை அச்சந்தையின் பெண்களோடு நின்றார். சந்தையின் பரண்கள் அகற்றப்பட்டதும் வேலைநேரம் குறைந்ததும் அத்தகைய போராட்டங்களால். ஓடை திறக்கப்பட்டதால் அன்று.

2019இல் ஓடைக்கரையிலேயே அவன் பெயரில் நினைவகம் ஒன்று திறக்கப்பட்டது. அக்கட்டடத்தின் முகப்பு முழுவதும் எழுத்தால் ஆனது: 1969இல் தொழிற் பரிசோதகருக்கு அவன் தன் கைப்பட எழுதிய முறையீடு, அவன் கையெழுத்திலேயே பெரிதாக்கப்பட்டு, வீதியையும் நீரையும் நோக்கி நிற்கின்றது. எதிர்க்கரையிற் செல்வோரும் நின்று வாசிக்கக்கூடிய அளவில் அவ்வெழுத்துக்கள் உள்ளன.